தெய்வானை பசை

இந்தப் பக்கம் ஒட்டுப்பசை ஏன் ஓடறதில்லன்னு கடை கடையா ஏறி எறங்கிக் கேட்டுட்டு வந்தீங்களாமா. ஒருத்தரும் சரியாச் சொல்லலயாமா. எப்படிச் சொல்லுவாங்க அம்மிணி. பாதிப் பேரு புதுசாக் கடை வெச்சவங்க, அவங்களுக்கே தெரியாது. காரணம் நான்தான். உக்காருங்க, சொல்றேன். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

நீங்க ஏதோ இங்கிலீசுப் பேரு சொன்னீங்க, அது எனக்கு வாயில வராது. நாங்க பசைன்னுதான் சொல்றது. பூச்சி மருந்து கலக்கற தண்ணில ஒரு மூடி ஊத்தினா மருந்து இலைல பரவி ஒட்டிக்கும். இல்லாட்டி சில இலைல நிக்காது, உருண்டு மண்ணுக்குப் போயிரும். சங்கதி அவ்வளவுதான். உங்க கம்பெனியும் அதத்தான் விக்கப் பாக்குது. பாருங்க, நான் வேண்டாங்கல. ஆனா இங்க விக்காது. நான் இருக்கிற வரைக்கும் விக்காது.

இத இந்த மண்ணுக்குக் கொண்டாந்ததும் நான்தானுங்க. அதையும் சொல்லோணும்.

அப்ப ஒட்டன்சத்திரத்துல சென்னியப்பன் மருந்துக் கடைன்னா பெரிய கடை. எங்க ஊட்டுக்காரர் அங்க மூட்டை எறக்கிட்டிருந்தாரு. இடுப்புப் புடிச்சு அவரு படுக்கைல விழுந்ததும் அவருக்குப் பதிலா நான் போனேன். மொதல்ல கூட்டற வேலை, பாட்டிலு தொடைக்கற வேலை. கொஞ்ச நாளுதான். அப்பத்தான் ஒரு கம்பெனி ஆபீசர் இந்தப் பசையக் கொண்டாந்து எறக்கினாரு. ஒருத்தனும் வாங்கல. பூச்சியக் கொல்லுமான்னா கொல்லாது. பயிரு வளருமான்னா வளராது. அப்பொறம் எதுக்கு வாங்கறான்? அலமாரில தூசி புடிச்சுக் கெடந்துச்சு. அந்தத் தூசியத் தொடைச்சவ நான்.

ஆபீசர் நல்ல மனுசன். ஒரு நாள் ஒரு வெங்காயத் தாளைக் கையில வெச்சுக்கிட்டு எனக்கு வெளக்கமாச் சொன்னாரு. வெங்காயம், முட்டைக்கோசு, இதுக இலைல மெழுகு இருக்கும்மா, தண்ணி ஒட்டாது, அதுக்குத்தான் இது. தக்காளி கத்தரிக்கெல்லாம் இது அவசியமில்ல, பல மருந்துல உள்ளயே பசை கலந்துதான் வருதுன்னாரு. நான் கேட்டுக்கிட்டேன். ஒரு தடவ கேட்டா எனக்கு மறக்காது.

மறுநாளே ரெண்டு டம்ளரத் தூக்கிக்கிட்டு வெங்காயக் காட்டுக்குப் போயிட்டேன். யாரும் என்னையப் போகச் சொல்லல. கள்ளிமந்தையத்துப் பக்கம் ஒரு பெரியவரு, மொத நாளு என்னையத் தொரத்தப் பாத்தாரு.

"இத்தன காலம் இது இல்லாமத்தான வெள்ளாம பண்ணுனோம்?"

"பண்ணுனீங்க. பாதி மருந்த மண்ணுக்குக் குடுத்துட்டுப் பண்ணுனீங்க."

ஒரு தாளைப் புடுங்கி வெறுந்தண்ணில முக்கி எடுத்துக் காட்டினேன். நனையாம வந்துச்சு. அதே தாளை பசை ஊத்தின தண்ணில முக்கினேன். எண்ணெ பூசின மாதிரி முழுக்க ஈரம். பெரியவரு என் கையிலருந்து அத வாங்கி அவரே முக்கிப் பாத்தாரு. அப்பறம் அவரு பொண்டாட்டியக் கூப்புட்டாரு. அந்தம்மா மத்தப் பொம்பளைங்களக் கூப்புட்டுச்சு. அன்னைக்கு அந்தக் காட்டுல களையே எடுக்கல, எல்லாரும் தாளை முக்கிக்கிட்டு நின்னாங்க.

அப்படிப் புடிச்ச வேவாரம் அம்மிணி இது. ரெண்டு மூணு வருசத்துல கடைக்கு வர்றவன் கம்பெனிப் பேரு கேக்க மாட்டான். "தெய்வானை பசை ஒண்ணு குடுங்க"ம்பான். என் பேருதான் அதுக்குப் பேரு. தெரியுதுங்களா? ஒரு சாமானுக்கு என் பேரு.

சென்னியப்பனுக்கு ஆசை பெருகிருச்சு. "மருந்து வாங்கறவன் பசை வாங்காம படி எறங்கக் கூடாது தெய்வானை"ன்னான். நானும் எறங்க விடல. வெங்காயத்துக்கு மட்டும் வித்தா எத்தன விக்கும்? தக்காளிக்கு வித்தேன், கத்தரிக்கு வித்தேன், முருங்கைக்கு வித்தேன். வேப்பெண்ணெ தெளிக்கறவனுக்கும் வித்தேன். நான் சொன்னா வாங்குவாங்க. ஒருத்தனுக்குத் தக்காளிப் பூவெல்லாம் கருகிப் போச்சு, பசையாலதான்னு கடைக்கு வந்து சண்ட போட்டான். வெயிலுப்பா அதுன்னேன். வெயிலடிச்சதும் நெசந்தான். சமாதானமாகி இன்னொரு பாட்டிலும் வாங்கிட்டுப் போனான். அப்படி ஒரு தெறம இருந்துச்சு எனக்கு. சொந்தப் பெருமைக்குச் சொல்லல.

டீ ஆறுது, குடிங்க.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். பழனில ஒரு மண்டபத்துல கம்பெனிக்காரங்க விழா வெச்சாங்க. வடக்க இருந்து பெரிய ஆபீசரெல்லாம் வந்திருந்தாங்க. நம்ம கடைதான் இந்த ஜில்லாவுலயே அதிகம் பசை வித்த கடை. நீயும் வா தெய்வானைன்னு சென்னியப்பனே கூப்புட்டான். நான் புதுச் சீலை எடுத்தேன். கத்தரிப்பூக் கலரு. எங்க அக்கா வள்ளி வந்து கொசுவம் வெச்சுக் கட்டி விட்டா. "மேடைக்குக் கூப்புட்டா வேகமா ஏறாதடி, தடுக்கும்"னு சொல்லி அனுப்பிச்சா.

மேடைல மைக்குல சொன்னாங்க. இந்தப் பகுதில ஒட்டுப்பசைன்னா என்னன்னே தெரியாத காலத்துல காடு காடாப் போய் ஒரு சந்தைய உண்டாக்கின பெண்மணின்னாங்க. பாதி எந்திரிச்சுட்டேன். ஆமாங்க, பாதி எந்திரிச்சுட்டேன். கூப்புட்டது சோபனான்னு. சென்னியப்பன் மருமக. விவசாயம் படிச்ச புள்ள, கல்யாணமாகி வந்து ஒரு வருசம்கூட ஆகல. காட்டு மண்ணு கால்ல பட்டதில்ல. அது ஏறிக் கேடயத்த வாங்கிட்டு இங்கிலீசுல பேசுச்சு. பக்கத்துல இருந்தவங்க என்னையப் பாத்தாங்க. நான் சீலைய இழுத்து விடறாப்பல இழுத்து விட்டுட்டு உக்காந்துக்கிட்டேன்.

அதக்கூடப் பொறுத்துக்கலாம் அம்மிணி. பந்தில உக்காந்து சாப்புட்டுட்டு இருக்கேன். வடக்க இருந்து வந்த பெரிய ஆபீசர் ஒருத்தர் ஒவ்வொருத்தராப் பாத்து விசாரிச்சுட்டே வர்றாரு. எங்கிட்ட வந்து நின்னு, சென்னியப்பனப் பாத்து, இந்தம்மா யாருன்னு கேட்டாரு.

"நம்ம கடைல கூட்டற அம்மா"ன்னான்.

அவ்வளவுதான். கோவமாச் சொல்லல, கேலியாச் சொல்லல. பருப்பு ஊத்துன்னு சொல்ற மாதிரிச் சொன்னான். அந்த ஆபீசர் ரெண்டு கையும் கூப்பி வணக்கம் சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு. எனக்கு இலைல பாதிச் சோறு இருந்துச்சு. மடிச்சிட்டு எந்திரிச்சேன்.

மறுநாள் கடைக்குப் போய் நேராக் கேட்டேன். நான் ஒளிச்சு வெச்சுப் பேசறவ இல்ல.

"அதுக்கென்ன தெய்வானை? மேடைல நின்னு பேசறதுக்கு ஒரு படிச்ச புள்ள வேணுமில்ல? உனக்கு என்ன வேணுமோ கேளு, செஞ்சு தாரேன்."

"கூட்டற அம்மான்னு சொன்னீங்களே."

அவனுக்கு அது நெனப்பே இல்ல. "சொன்னனா?"ன்னான். சிரிச்சான். கடைச் சாவிய மேசைல வெச்சுட்டு எறங்கி வந்துட்டேன்.

ஊட்டுக்காரர், போனாப் போகுது விடுன்னாரு. வள்ளியும் அதத்தான் சொன்னா. விடறதா? அந்தக் கடைய எரிச்சா மறு மாசமே கட்டிருவான். அவன வைதா என் வாய்தான் வலிக்கும். ஒரு வாரம் யோசிச்சேன். பசை எங்கிருந்து ஓடுது? அவன் கடைலருந்தா? இல்ல, என் வாயிலருந்து. அந்த வாயத் திருப்பினாப் போதுமே.

அதே ரெண்டு டம்ளர எடுத்தேன். இந்தத் தடவ தக்காளிக் காட்டுக்குப் போனேன். மருந்து கலந்த தண்ணி ஒரு டம்ளர்ல, அதே மருந்து பசையோட இன்னொரு டம்ளர்ல. தக்காளி இலைய ரெண்டுலயும் முக்கிக் காட்டினேன். ரெண்டும் ஒரே மாதிரித்தான் நனையும். நனையாமப் போகுமா, அதுல என்ன மெழுகா இருக்கு?

"பாருங்க. என்ன வித்தியாசம்? இதுக்குத்தான் உங்க தலைல அவன் பசையக் கட்டறான்."

"நீதான தெய்வானை குடுத்த?"ன்னு ஒருத்தி கேட்டா. இப்படி ஒண்ணு ரெண்டு எங்கயும் இருக்கும்.

"அவன் சொல்லச் சொன்னதச் சொன்னேன். இப்ப கண்ணு முன்னால காட்டறேன். கண்ண நம்பறியா, அவன நம்பறியா?"

அவ்வளவுதான், அடங்கிட்டா. ஊர் ஊராப் போனேன். முன்ன விக்கறதுக்குப் போனதவிட வேகமாப் போனேன். பசி தெரியல. கத்தரி இலை, மொளகாய் இலை, வெண்டை இலைன்னு எல்லாத்தையும் முக்கிக் காட்டினேன். வெங்காயத் தாளை மட்டும் கையில எடுக்கல. எடுக்கறதுக்கு நான் என்ன முட்டாளா அம்மிணி?

ஒரு நாளு எங்க அக்கா வூட்டு மாமாவே கேட்டாரு. கொழந்தவேலுன்னு பேரு. அதிர்ந்து பேச மாட்டாரு. அவருக்கு இருக்கறதெல்லாம் கெணத்து மேட்டு வெங்காயக் காடு ஒண்ணுதான். என் பேச்சுன்னா அவருக்குச் சாமி வாக்கு. இதே வாசல்ல நின்னுதான் கேட்டாரு.

"தக்காளிக்குச் சரி தெய்வானை. வெங்காயத்துக்கு?"

நான் யோசிச்சேன். யோசிக்காமச் சொன்னேன்னு நெனைக்காதீங்க. வெங்காயத்துக்கு மட்டும் வேணும்னு சொன்னா என்னாகும்? இந்தச் சீமைல பாதி வெங்காயந்தான். எல்லாரும் மறுபடியும் சென்னியப்பன் படிதான் ஏறோணும். அப்பறம் நான் நடந்த நடையெல்லாம் எதுக்கு?

"எல்லாம் ஒண்ணுதான் மாமா. எதுக்கும் வேண்டியதில்ல. பசைங்கறதே பித்தலாட்டம்."

"நீ சொன்னாச் சரி"ன்னுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் வெங்காயக் காட்டுக்காரங்க யாரு கேட்டாலும் அதையேதான் சொன்னேன்.

அப்பறம் பாக்கோணுமே. சென்னியப்பன் அந்த வருசம் பட்டத்துக்கு லாரில பசை எறக்கி வெச்சிருந்தான். ஒரு பெட்டி பிரியல. தகரக் கொட்டாய்ல வெயில்ல வெந்து லேபிளு கழண்டு கெடந்துச்சு. சோபனா படிச்ச படிப்பையெல்லாம் சொல்லிக் காடு காடாப் போய்ப் பாத்துச்சு. இங்கிலீசுப் பேரெல்லாம் சொல்லுச்சு. ஒரு காட்டுல, தெய்வானை வந்து சொன்னா வாங்கிக்கறோம்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. அந்தப் புள்ள ரோட்டோரம் நின்னு அழுதுச்சுன்னு சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

விவசாயிங்க சங்கத்துல கூப்புட்டு எனக்குச் சால்வ போட்டாங்க. கம்பெனிக்காரங்ககிட்டருந்து விவசாயியக் காப்பாத்தின வீரத் தாய்ன்னு பேசினாங்க. சால்வ எனக்குப் பெருசில்ல. அந்தக் கூட்டம் நடந்தது சென்னியப்பன் வூட்டுத் தெருவுக்கு எதுத்தாப்பல. கொழா ஸ்பீக்கர அவன் வூட்டுப் பக்கமாத் திருப்பிக் கட்டச் சொன்னேன். மைக்செட்டுக்காரன் ஏன்னு கேட்டான். காத்து அப்படித்தான் அடிக்குது, சத்தம் நல்லாப் போகும்னேன். மேடைல ஏறி மொத வார்த்த அதத்தான் சொன்னேன். நான் கடைல கூட்டற அம்மா, இன்னைக்கு ஊரையே கூட்ட வந்திருக்கேன்னு. கை தட்டினாங்க பாருங்க, நிக்கவே இல்ல.

கம்பெனி அவங்கிட்டருந்து ஏஜென்சியப் புடுங்கிருச்சு. வேற கடைக்குக் குடுத்துப் பாத்தாங்க, அங்கயும் ஓடல. வேற வேற கம்பெனியும் வந்து பாத்துட்டுப் போயிருச்சு. சென்னியப்பன் மருந்துக் கடையவே மூடிட்டான். இது போதுமுங்களா? உங்களுக்கு வேண்டிய பதில் இதுதான்.

அதுக்கப்பறம் ஒரு ஐப்பசி மழை வந்துச்சு. அதப் பத்தி யாராச்சும் உங்ககிட்ட ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லியிருப்பாங்க, அதான் நானே சொல்லிடறேன். அந்த வருசம் மழை விடவே இல்ல. வெங்காயத்துல கோழிக்கால் நோய் புகுந்துருச்சு. தாளெல்லாம் முறுக்கிக்கிட்டு மஞ்சளாச் சாயும். எல்லாரும் மருந்தடிச்சாங்க. நல்ல மருந்து, வெல கூடின மருந்து. அடிச்ச மருந்து தாளுல நிக்கல, உருண்டு போச்சு. மறுபடி அடிச்சாங்க. மறுபடி உருண்டு போச்சு. காடு காடா அழுகி நாத்தம் ரோட்டுக்கு வந்துச்சு.

அது மழை அம்மிணி. மழைக்கு நான் என்ன பண்ணுவேன்? பசை போட்டிருந்தா நின்னிருக்கும்னு இப்பச் சில பேரு சொல்றாங்க. நின்னிருக்கலாம். அந்த மழைல நிக்காமயும் போயிருக்கலாம். யாரு கண்டா?

அக்கா வூட்டுக் காடும் போயிருச்சு. மொத்தமும். மாமா காட்ட வித்துட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனில வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டாரு. வள்ளி இங்கதான் இருக்கா, அந்த வேலிக்கு அக்கட்டால தெரியுதே, அந்த வூடு. என்னோட பேசறதில்ல. ஏன்னு கேட்டாச் சொல்றதுமில்ல. மாடு இந்தப் பக்கம் வந்தாக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு மாட்டத்தான் கூப்புடுவா, என்னையக் கூப்புட மாட்டா. நான் என்ன பண்ணுனேன் அவளுக்கு? காடு போன வருத்தம் மனுசருக்கு இருக்குந்தான். அத எம்மேல காட்டினா எப்படி?

போன தை மாசம் காய்கறி மார்க்கெட்டுல சென்னியப்பனப் பாத்தேன். எதுக்க வந்துட்டான், ஒதுங்க எடமில்ல. இப்ப சொட்டுநீர்க் குழாய்க் கடை வெச்சிருக்கான். நல்லா ஓடுதாமா. மொகத்துல ஒரு வாட்டமும் இல்ல. எனக்கு அதுவே வயிறெரிஞ்சுச்சு.

"தெய்வானை, நல்லா இருக்கியா?"ன்னான்.

"இருக்கேன்."

"உன்னோட எனக்கு வருத்தமில்ல. தக்காளிக்கு வேண்டாம்னு சொன்னே, அது நாயந்தான். நாந்தான் எல்லாத்துக்கும் விக்கச் சொன்னேன்"ன்னான். "அந்த மழை வருசம் உங்க அக்கா வூட்டுக் காட்டு வழியாப் போனேன். கொழந்தவேலு மருந்தடிச்சுட்டு இருந்தாரு. அடிக்கறது பூரா முத்து முத்தாக் கீழ விழுகுது. எனக்கு மனசு கேக்கல. கொட்டாய்ல கெடந்த பசைல ரெண்டு பாட்டில எடுத்துட்டுப் போனேன். காசு வேண்டாம், சும்மா ஊத்திக்கங்கன்னேன். வாங்கவே இல்ல மனுசன். தெய்வானை வேண்டாம்னு சொல்லியிருக்குன்னாரு."

நான் காய்ப் பைய இந்தக் கைலருந்து அந்தக் கைக்கு மாத்தினேன்.

"அவரு தப்பாக் கேட்டிருப்பாரு. வெங்காயத்துக்கு வேண்டாம்னு நீ சொல்லியிருக்க மாட்டே. தாளைப் புடிச்சு எனக்கே காட்டினவ நீ. நான் எவ்வளவோ சொன்னேன் அவருகிட்ட. அந்தப் புள்ள அப்படிச் சொல்லாதுங்கன்னேன். கேக்கல."

இப்படிச் சொல்லிட்டு, ஒடம்பப் பாத்துக்கன்னு போயிட்டான். கூட்டற அம்மான்னு சொன்னதுக்கு ஒரு வார்த்த இல்ல பாருங்க. இன்னிக்கு வரைக்கும் அவனுக்கு அது நெனப்பில்ல.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். அவன் கையில கொண்டுபோய் ஓசில குடுத்திருக்கான். காடு கண்ணு முன்னால அழுகிட்டு இருக்கு. அப்பக்கூட எங்க மாமா வாங்கல. ஏன்? தெய்வானை வேண்டாம்னு சொல்லிட்டா. வீட்டுக்கு வந்து அத நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ஒரு மனுசன் இருக்கற ஒரே காட்டையும் விட்டானே தவிர என் வார்த்தைய விடல. எந்த மேடைல எந்தக் கேடயம் குடுத்தாலும் இதுக்கு ஈடாகுமா, சொல்லுங்க?

இத வள்ளிகிட்டச் சொல்லோணும்னு வேலி வரைக்கும் போனேன். சாணி தட்டிக்கிட்டு இருந்தா. "அக்கா, மாமா என்ன பண்ணியிருக்காரு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சேன். முழுசுஞ் சொன்னேன். கேட்டா. கையக் கழுவினா. உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா.

அவளுக்கு இன்னும் புரியல. புரியும்.